பானை பறந்த கதை

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு ஓய்வில்லை. தெருவுக்குத் தெரு தறி. அந்தச் சத்தத்தையும் மீறி, சில நேரம் தலைக்கு மேல் இன்னொரு சத்தம் கேட்கும். சிறுவர்கள் தெருவுக்கு ஓடி வருவார்கள். அண்ணாந்து பார்த்துக் கை நீட்டுவார்கள். "ஏரோப்பிளேன்! ஏரோப்பிளேன்!"

அந்த நேரத்தில் திண்ணையில் இருக்கும் பாட்டி ஒருத்தி, "அதோ போகிறதே, அது என்னுடைய அலுமினியச் சட்டி!" என்று சொன்னால் எப்படி இருக்கும்? பாட்டிக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்போம்.

ஆனால், 1940-ம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்துப் பெண்கள் பலர் அப்படித்தான் சொன்னார்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னார்கள்!

அவர்களை நம்ப வைத்தது யார்? எதற்காக? அந்த நம்பிக்கைக்கும் நம்முடைய சென்னைக்கும் என்ன சம்பந்தம்? இதோ அந்தக் கதை.

சட்டி கொடுங்கள்!

1940-ம் ஆண்டு ஜூன் மாதம். இரண்டாவது உலக யுத்தம் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. அதற்குள் பிரான்ஸ் தேசம் ஹிட்லரின் காலில் விழுந்துவிட்டது. அடுத்தது இங்கிலாந்துதான் என்று உலகமே பேசியது. நடுவில் இருப்பது ஒரு சின்னக் கடல். அதைத் தாண்டி ஜெர்மன் விமானங்கள் குண்டு போட வரும். அவற்றைத் தடுக்க வேண்டுமானால் விமானம் வேண்டும். ஒன்றல்ல, இரண்டல்ல, ஆயிரக்கணக்கில் வேண்டும்.

விமானம் செய்வதற்கென்றே ஒரு மந்திரியை நியமித்தார் பிரதமர் சர்ச்சில். அவர் பெயர் பீவர்புரூக். அவர் என்ஜினீயர் அல்ல. பத்திரிகை முதலாளி! லட்சக்கணக்கில் விற்கும் பத்திரிகையை நடத்தியவர். ஜனங்களின் மனத்தை எப்படித் தொடுவது என்பது அவருக்குக் கைவந்த கலை.

ஜூலை மாதம் பத்திரிகைகளில் ஒரு வேண்டுகோள் வந்தது. வீட்டில் உள்ள அலுமினியப் பாத்திரங்களைக் கொண்டு வந்து கொடுங்கள், அவற்றை உருக்கி விமானம் செய்கிறோம் என்பதுதான் அதன் சாரம்.

அவ்வளவுதான்! தெருவெல்லாம் பாத்திர மலை! சட்டி, பானை, கெட்டில், குழந்தைகளின் விளையாட்டுச் சொப்பு, எல்லாம் வந்து குவிந்தன. மாதர் சங்கத்தினர் வீடு வீடாகப் போய் வாங்கினார்கள். மந்திரியின் ஆட்கள் போட்டோ பிடித்தார்கள். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக வெளியிட்டன.

சரி, அந்தப் பாத்திரங்கள் எல்லாம் விமானம் ஆயினவா?

இங்கேதான் சங்கதி இருக்கிறது. விமானத்துக்கு வேண்டிய அலுமினியம் சாதாரண அலுமினியம் அல்ல. வேறு உலோகங்களைச் சரியான அளவில் கலந்து, பதம் பார்த்துச் செய்வது அது. சட்டி பானையை உருக்கினால் அந்தத் தரம் சுலபத்தில் வராது. பழைய அலுமினிய வியாபாரிகளிடம் வேறு சரக்கு இருந்தது. கடைகளில் புது அலுமினியப் பாத்திரங்கள் அப்போதும் விற்பனை ஆயின!

அப்படியானால் எதற்கு அந்த வசூல்?

மந்திரிக்கு வேண்டியது பாத்திரம் மட்டும் அல்ல. பாத்திரத்தைக் கொடுத்தவளின் மனம்! தன் அடுப்படிச் சட்டியைக் கொடுத்தவள் யுத்தத்தில் பங்காளி ஆகிவிட்டாள். தலைக்கு மேலே விமானம் பறந்தால், "அதில் என் சட்டியும் இருக்கிறது" என்று நெஞ்சை நிமிர்த்துவாள். குண்டு விழும் இரவிலும் அவள் தைரியத்தை விடமாட்டாள்.

விமானத் தொழிற்சாலை அன்று இரண்டு சரக்குகளைச் செய்தது. ஒன்று விமானம். மற்றொன்று நம்பிக்கை. இந்த இரண்டாவது சரக்குக்குப் பெயர்தான் பிரசாரம்!

விமானத்துக்கு விலைச் சீட்டு!

பாத்திரத்தோடு நிற்கவில்லை. அடுத்தது பணம்.

ஸ்பிட்ஃபயர் என்று ஒரு சண்டை விமானம். பார்க்க அழகு. பறப்பதில் வேகம். அதற்கு ஒரு விலை சொன்னார்கள்: 5,000 பிரிட்டிஷ் பவுன். அன்றைய கணக்கில் நம் பணத்துக்கு ஏறக்குறைய 66,600 ரூபாய். யார் 5,000 பவுன் கொடுக்கிறார்களோ, அவர்கள் சொல்லும் பெயரை விமானத்தில் எழுதுவோம் என்றார்கள்.

முழு விமானத்துக்குப் பணம் இல்லையா? கவலை வேண்டாம்! உதிரிப் பாகங்களுக்கும் தனித் தனி விலை உண்டு. இறக்கைக்கு ஒரு விலை. சக்கரத்துக்கு ஒரு விலை. ஓர் ஆணிக்குக்கூட விலை! பள்ளிக்கூடத்துப் பையனும் தன் காசைக் கொடுத்து, "ஸ்பிட்ஃபயரில் ஓர் ஆணி என்னுடையது" என்று சொல்லிக் கொள்ளலாம்.

உண்மையில் அந்த விமானம் செய்ய 5,000 பவுன் போதாது. அதைவிட அதிகமாகவே செலவு ஆயிற்று. வந்த பணமும் பொதுக் கஜானாவுக்குத்தான் போயிற்று. விமானம் வேகமாக வரத் தடையாக இருந்தது பணம் அல்ல. யந்திரமும், கைதேர்ந்த தொழிலாளியும்தான் தட்டுப்பாடு. ஆனாலும் 5,000 என்ற எண் நல்ல எண். முழு எண். ஓர் ஊர் கூடினால் எட்டிப் பிடிக்கக்கூடிய எண். ஏறக்குறைய 1,500 ஸ்பிட்ஃபயர் விமானங்கள் இப்படி அன்பளிப்புப் பெயர்களோடு பறந்தன.

கொடுத்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள் மட்டும்தானா? இல்லை. இங்கிலாந்து ஆண்ட தேசங்களில் எல்லாம் உண்டி குலுக்கப்பட்டது. நம் ஊரிலும்தான்!

ஆகாயத்தில் "மதராஸ்"

அன்றைய மதராஸ் மாகாணம் மிகப் பெரியது. தமிழ்நாடு, ஆந்திரக் கரையோரம், மலபார், தென் கன்னடம் எல்லாம் அதில் அடக்கம். மாகாணம் முழுவதும் யுத்த நிதி வசூல் நடந்தது. ஜமீன்தார்கள் கொடுத்தார்கள். வியாபாரிகள் கொடுத்தார்கள். சர்க்கார் ஊழியர்கள் கொடுத்தார்கள். மனம் உவந்து கொடுத்தவர்கள் உண்டு. மேலதிகாரி முகத்துக்காகக் கொடுத்தவர்களும் உண்டு. வசூலில் நிர்ப்பந்தம் இருக்கிறது என்று அப்போதே புகார் கிளம்பியது.

அந்தப் பணத்துக்குக் கைம்மாறாக, பிரிட்டிஷ் விமானப் படையின் சில பிரிவுகளுக்கு "மதராஸ் மாகாணம்" என்று பெயர் சூட்டினார்கள். 99-வது பிரிவு, 234-வது பிரிவு, 264-வது பிரிவு ஆகியவை அந்தப் பெயரைத் தாங்கியவை. இலங்கை கொடுத்த பணத்துக்காக 102-வது பிரிவுக்கு "சிலோன்" என்று பெயர். ஹைதராபாத், மைசூர், பம்பாய் பெயர்களும் ஆகாயம் ஏறின.

பெருமையான விஷயம் அல்லவா? பெருமைதான். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது.

இந்தியா யுத்தத்தில் இறங்கியது எப்படி? 1939 செப்டம்பர் 3-ந் தேதி வைஸ்ராய் லின்லித்கோ அறிக்கை விட்டார். இந்தியா யுத்தத்தில் சேர்ந்துவிட்டது என்றார். இந்திய ஜனங்களையோ தலைவர்களையோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கண்டித்து அக்டோபர் மாதக் கடைசியில் சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபை ராஜினாமா செய்தது.

1940 அக்டோபர் 17-ந் தேதி காந்திஜி தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். முதல் சத்தியாக்கிரகி வினோபா பாவே. இந்த யுத்தத்துக்கு ஆளாலோ பணத்தாலோ உதவுவது தவறு என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். அதுதான் சத்தியாக்கிரகம். சொன்னால் சிறை! ராஜாஜி டிசம்பர் மாதம் கைதானார். இந்தியா முழுவதும் 20,000 பேருக்கு மேல் சிறை சென்றார்கள்.

இதை நினைத்துப் பாருங்கள். "பணம் கொடுக்காதே" என்று சொன்ன சென்னைக்காரர் சிறையில்! "மதராஸ் மாகாணம்" என்று பெயர் எழுதிய விமானம் லண்டன் பக்கத்து ஆகாயத்தில்! மதராஸ் மாகாணமே ஒரு மனதாகக் கொடுத்தது என்று உலகத்துக்குக் காட்ட அந்தப் பெயர் உதவியது. பெயர் நம்முடையது. முடிவு செய்தவர்கள் நாம் அல்ல.

பெங்களூரில் ஒரு கனவு

"பணம் வாங்குகிறார்களே, விமானத்தை நம் நாட்டிலேயே செய்யக் கூடாதா?" என்று ஒருவர் நினைத்தார். அவர் வால்சந்த் ஹிராசந்த். பம்பாய்த் தொழிலதிபர். கப்பல் கம்பெனி நடத்தி வெள்ளைக்காரக் கம்பெனிகளோடு மல்லுக்கட்டியவர்.

1939-ம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தார் வால்சந்த். அதே விமானத்தில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். பாலி சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்தவர். பேச்சு வளர்ந்தது. சீனாவில் முடிந்தது இந்தியாவில் முடியாதா? வால்சந்துக்குத் தீப்பொறி பற்றிக்கொண்டது.

வெள்ளைக்கார சர்க்கார் முதலில் அக்கறை காட்டவில்லை. பிரான்ஸ் விழுந்த பிறகுதான் தலையசைத்தது. மைசூர் சமஸ்தானம் கை கொடுத்தது. திவான் மிர்ஸா இஸ்மாயில் நிலம் கொடுக்க ஏற்பாடு செய்தார். சமஸ்தானம் முதலும் போட்டது. 1940 டிசம்பர் 23-ந் தேதி பெங்களூரில் பிறந்தது இந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனி.

வெறும் கட்டாந்தரையாக இருந்த இடம் அது. எட்டே மாதம்! 1941 ஆகஸ்ட் மாதத்தில் முதல் விமானம் பறந்தது. "ஹார்லோ" என்ற பயிற்சி விமானம். பாகங்கள் பலவும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. பூட்டியவை நம்மவர் கைகள். அடுத்த ஆண்டு ஜூலையில் "ஹாக்" என்ற சண்டை விமானமும் பறந்தது.

இங்கிலாந்தில் சட்டி கொடுத்ததற்கே அவ்வளவு போட்டோ, அவ்வளவு விளம்பரம்! பெங்களூரில் விமானமே பறந்தது. ஆனால், "மதராஸ்" என்று பெயர் எழுதிய இங்கிலீஷ் விமானம் நம் ஜனங்களுக்குத் தெரிந்த அளவு, பெங்களூர் விமானம் தெரியவில்லை.

ஏப்ரல் மாதத்து ஆகாயம்

1942 ஏப்ரல். ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்துவிட்டார்கள். ரங்கூனையும் பிடித்துவிட்டார்கள். ஏப்ரல் 5-ந் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று ஊரெல்லாம் பேச்சு.

சர்க்கார் அலுவலகங்கள் மூட்டை கட்டின. உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. ஜனங்களும் கிளம்பினார்கள். ரயிலில் இடம் இல்லை. வண்டியில் போனார்கள். நடந்தும் போனார்கள். லட்சக்கணக்கானோர் சென்னையைக் காலி செய்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாத்திர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போன தாய்மார்கள் எத்தனை பேர்!

அன்று "மதராஸ் மாகாணம்" என்று பெயர் எழுதிய 234-வது பிரிவு எங்கே? இங்கிலாந்தில்! 264-வது பிரிவு எங்கே? அதுவும் இங்கிலாந்தில்! மதராஸ் பெயரில் விமானம் இருந்தது. மதராஸைக் காக்கப் போதிய விமானம் இல்லை!

இதை அறிந்துதான் நாம் பிரசாரத்தின் இன்னொரு முகத்தைப் பார்க்க வேண்டும். கொடுத்தவனுக்குத் தைரியம் கொடுக்கும் பிரசாரம், அவனுக்கே ஆபத்து வரும்போது வெறும் பெயர்ப் பலகையாக நின்றுவிடுகிறது.

அதே ஏப்ரல் மாதத்தில் இந்திய சர்க்கார் வால்சந்தின் பங்குகளை வாங்கிக்கொண்டது. பெங்களூர்த் தொழிற்சாலை சர்க்கார் கைக்குப் போயிற்று. 1943-ல் அமெரிக்க ராணுவ விமானப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. புது விமானம் செய்யும் திட்டம் நின்றது. பழுது பார்ப்பதே முக்கிய வேலை ஆயிற்று. பர்மா, சீனா போர்முனைகளில் அடிபட்ட விமானங்கள் அங்கே வந்து சீராகித் திரும்பின.

அவற்றில் "கேட்டலினா" என்ற கடல் விமானமும் உண்டு. தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே எழும்பும் விமானம் அது. நம் செங்குன்றம் ஏரியில் அப்போது கேட்டலினாக்கள் இறங்கின. அங்கிருந்து கிளம்பி வங்காள விரிகுடாவில் காவல் சுற்றின. அருகே சோழவரத்திலும் விமான ஓடுபாதை போட்டார்கள். யுத்தம் முடிந்து பல வருஷங்களுக்கு அந்த ஓடுபாதையில் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. பந்தயம் பார்க்கப் போனவர்களுக்கு அது நினைவிருக்கும்.

99-வது பிரிவும் பிறகு இந்தியாவுக்கு வந்தது. பர்மாவில் ஜப்பானியர் மீது குண்டு போட்டது. அது மட்டும் மதராஸ் பெயருக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்து பறந்தது என்று சொல்லலாம்.

ஹிட்லரின் 12 விமானங்கள்

இங்கிலாந்து மட்டும் ஆடிய ஆட்டமா இது? இல்லவே இல்லை. ஹிட்லரின் ஆட்கள் இதில் மகா கில்லாடிகள். ஆனால் அவர்கள் ஆட்டம் வேறு மாதிரி.

1938 ஆகஸ்ட். யுத்தம் இன்னும் வரவில்லை. பிரெஞ்சு விமானப் படைத் தளபதி வூய்யெமின் ஜெர்மனிக்கு விருந்தாளியாக வந்தார். ராஜ உபசாரம்! விமானத் தொழிற்சாலைகளைச் சுற்றிக் காட்டினார்கள். ஓரிடத்தில் தலைக்கு மேல் சர்ரென்று ஒரு விமானம் பறந்தது. மின்னல் வேகம்! "ஹெய்ங்கல் 100" என்ற புது விமானம் அது. கூட இருந்த ஜெர்மன் அதிகாரிகள் தங்களுக்குள் சாதாரணமாகப் பேசிக்கொள்வது போல, இதை வரிசை வரிசையாகச் செய்யும் வேலை மும்முரமாக நடக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். விருந்தாளி காதில் விழ வேண்டும் என்பதற்காகவே பேசிய பேச்சு!

உண்மையில் அப்போது இருந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய மாதிரி விமானங்களே.

வூய்யெமின் கலங்கிப்போய் ஊர் திரும்பினார். யுத்தம் வந்தால் நம் விமானப் படை இரண்டு வாரம்கூடத் தாங்காது என்று தம் சர்க்காரிடம் சொன்னார். அடுத்த மாதமே மியூனிக் நகரில் பிரான்சும் இங்கிலாந்தும் ஹிட்லருக்கு விட்டுக் கொடுத்தன. செக்கோஸ்லோவாகியா துண்டாடப்பட்டது. அதற்குக் காரணங்கள் பல. அந்தப் பயமும் ஒன்று.

அதோடு விட்டார்களா? 1940-ல் இன்னொரு நாடகம்! ஹெய்ங்கல் 100 விமானங்களில் 12 மட்டும் கையில் இருந்தன. அவற்றுக்கு ஒரு சின்னம் வரைந்தார்கள். வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். பிறகு சின்னத்தை அழித்தார்கள். வேறு சின்னம் வரைந்தார்கள். வேறு இடத்தில் நிறுத்தினார்கள். மறுபடியும் போட்டோ! "ஹெய்ங்கல் 113" என்று புதுப் பெயரும் வைத்தார்கள். படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. பார்த்தவர்கள், "அடேயப்பா, எத்தனை படைப் பிரிவுகள்!" என்று மலைத்தார்கள்.

நம் ஊர் நாடகத்தில் பத்துப் பேர் மேடைக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி வந்து பெரிய சேனையாகக் காட்சி தருவார்களே, அதே வித்தை!

இங்கிலீஷ் விமானிகள் சிலர் ஆகாயத்தில் ஹெய்ங்கல் 113-ஐப் பார்த்ததாகவே அறிக்கை எழுதினார்கள். சுட்டு வீழ்த்தியதாகவும் எழுதினார்கள். இல்லாத விமானத்தை எப்படிச் சுடுவது? பயந்தவன் கண்ணுக்கு மரம் எல்லாம் பேய்!

ஆனால் வினோதம் என்ன தெரியுமா? அதே 1940-ம் ஆண்டில் இங்கிலாந்துத் தொழிற்சாலைகள் ஏறக்குறைய 15,000 விமானங்கள் செய்தன. ஜெர்மனி செய்தது 10,000 சொச்சம். டமாரம் அடித்தவன் குறைவாகச் செய்தான். சட்டி வசூலித்தவன் அதிகமாகச் செய்தான்!

போட்டோவில் பெருகிய விமானம் போரில் பெருகவில்லை. ஊரை ஏமாற்றிய ஜெர்மன் தலைவர்கள் கடைசியில் தங்களையே ஏமாற்றிக்கொண்டார்கள்.

ரூஸ்வெல்ட் சொன்ன எண்

இனி அமெரிக்காவைப் பார்ப்போம்.

1940 மே 16-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் எண்ணைச் சொன்னார். வருஷத்துக்கு 50,000 விமானங்கள்! கேட்டவர்கள் திகைத்தார்கள். முந்திய ஆண்டு அமெரிக்கா செய்த ராணுவ விமானங்கள் சில ஆயிரம்கூட முழுதாக இல்லை. ஜெர்மனியில் அதை வெறும் ஜம்பம் என்று தள்ளினார்கள்.

மோட்டார் கார் செய்யும் ஃபோர்டு கம்பெனி, மிச்சிகன் மாகாணத்தில் வில்லோ ரன் என்ற இடத்தில் பிரம்மாண்டமான தொழிற்சாலை கட்டியது. கார் செய்வது போல, வரிசையில் நகர்த்தி நகர்த்தி நான்கு என்ஜின் குண்டு விமானம் செய்யப் போவதாக அறிவித்தது. மணிக்கு ஒரு விமானம் என்று விளம்பரம்! பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. ஆனால் 1942 முடிந்தபோது சில டஜன் விமானங்களே வெளியே வந்திருந்தன. ஜனங்கள் அந்த ஊர்ப் பெயரையே திரித்து, "ஓடுமா, ஓடாதா?" என்று கேலி செய்தார்கள்.

அப்போது என்ன செய்தார்கள்? இன்னும் உரக்கப் பேசினார்களா? இல்லை. யந்திரத்தை மாற்றினார்கள். தொழிலாளிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குடியிருக்க வீடு கட்டிக் கொடுத்தார்கள். பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தார்கள். 1944-ல் ஏறக்குறைய மணிக்கு ஒரு விமானம் உண்மையாகவே வெளியே வந்தது! அந்தத் தொழிற்சாலை செய்த மொத்த விமானம் 8,600-க்கு மேல்.

அமெரிக்கா முழுவதும் 1944-ல் செய்த விமானங்கள் 96,000-க்கு மேல். ரூஸ்வெல்ட் சொன்ன எண்ணைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஜம்பம் என்று சிரித்தவர்கள் வாயடைத்தார்கள். சொன்னது அன்று பிரசாரம். செய்து முடித்ததும் அது வாக்கு!

இன்னொரு சுவையான சங்கதி. தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களைப் படம் பிடித்து வரும்படி ராணுவப் போட்டோ பிடிப்பவர் ஒருவரை அனுப்பினார்கள். பார்ப்பவர்களுக்கு உற்சாகம் பிறக்க வேண்டும் என்பது நோக்கம். அவரை அனுப்பிய படப் பிரிவில் இருந்த அதிகாரி ரொனால்டு ரீகன். நடிகர். பின்னாளில் 1981-ல் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர். போட்டோ பிடிக்கப் போனவர், ஆளில்லாத சின்ன விமானம் செய்யும் தொழிற்சாலையில் ஓர் இளம் பெண்ணைப் பார்த்தார். படம் எடுத்தார். அந்தப் படம் அவளுடைய தலையெழுத்தையே மாற்றியது. அவள்தான் மர்லின் மன்றோ!

விமானத்துக்கு விளம்பரம் தேடப் போனார்கள். உலகப் புகழ் நட்சத்திரம் கிடைத்தாள்!

ஒரு நாளில் ஒரு விமானம்

இங்கிலாந்தும் சும்மா இருக்கவில்லை. 1943 அக்டோபரில் வேல்ஸ் பகுதியில் பிராட்டன் என்ற ஊர்த் தொழிற்சாலையில் ஒரு பந்தயம் கட்டினார்கள். "வெலிங்டன்" என்ற குண்டு விமானம் ஒன்றை எத்தனை நேரத்தில் பூட்டி முடிக்கலாம்? ஆண்களும் பெண்களும் ராப்பகலாக வேலை செய்தார்கள். 23 மணி 50 நிமிஷத்தில் விமானம் தயார்! உடனே பறக்கவும் விட்டார்கள். அத்தனையும் சினிமாப் படம் எடுத்து ஊர் ஊராகக் காட்டினார்கள்.

தினமும் அப்படிச் செய்ய முடியுமா? முடியாது. அது விளம்பரத்துக்காகச் செய்தது. ஆனால் அந்த விமானம் அட்டை விமானம் அல்ல. நிஜ விமானம். நம் 99-வது "மதராஸ்" பிரிவும் அந்த ரக விமானத்தில்தான் பர்மாவுக்குப் பறந்தது.

நம் ஊர் சினிமாக் கொட்டகைக்கும் யுத்தப் பிரசாரம் வந்தது. 1943 முதல், சர்க்கார் எடுத்த யுத்தச் செய்திப் படங்களை ஒவ்வொரு கொட்டகையிலும் காட்டியே தீரவேண்டும் என்று உத்தரவு. பிலிம் சுருளுக்குத் தட்டுப்பாடு. யுத்தத்துக்கு ஆதரவாகப் படம் எடுக்கும்படி முதலாளிகளுக்கு நெருக்கடி. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் 1945-ல் "பர்மா ராணி" எடுத்தார். ஜப்பானியர் பிடியில் உள்ள பர்மாவில் இந்திய விமானிகள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். ஒரு பெண் உதவுகிறாள். அதுதான் கதை. கே.எல்.வி.வசந்தா நடித்தார்.

கொட்டகையில் விமானம் பறந்தது. வெளியே வந்தால் அரிசிக்கு ரேஷன். துணிக்குக் கட்டுப்பாடு. நெசவாளிக்கு நூல் கிடைப்பது குதிரைக் கொம்பு! நெசவூர்களில் தறிகள் ஓய்ந்து கிடந்த காலம் அது. யுத்தத்தின் உண்மை விலையை அந்த வீடுகள் கொடுத்தன. அந்த விலைக்குப் பெயர்ப் பலகை யாரும் எழுதவில்லை.

ரயில் பெட்டி செய்த விமானக் கை

யுத்தம் 1945-ல் முடிந்தது. அப்புறம் பெங்களூர்த் தொழிற்சாலை என்ன ஆயிற்று?

அமெரிக்கர்கள் விட்டுப்போன சரக்கு விமானங்களைப் பயணிகள் விமானங்களாக மாற்றினார்கள். வேலை போதவில்லை. அதற்காகக் கதவைச் சாத்தவில்லை. உலோகத்தில் ரயில் பெட்டி செய்தார்கள்! பஸ்ஸுக்குக் கூண்டு கட்டினார்கள்! விமானத் தகடு வளைக்கக் கற்ற கை, மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிக்குத் தகடு வளைத்தது. அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கற்ற தொழில் கையை விட்டுப் போகாமல் இருந்தது.

1951 ஆகஸ்ட் மாதம். "எச்.டி.2" என்ற பயிற்சி விமானம் பெங்களூர் ஆகாயத்தில் பறந்தது. திட்டம் போட்டவர் வி.எம்.காட்கே. இந்தியர். செய்தவர்களும் இந்தியர்கள். 150-க்கு மேல் அந்த ரகத்தில் செய்தார்கள். நம் விமானப் படையின் எத்தனையோ விமானிகள் அதில்தான் பறக்கக் கற்றார்கள். 1961 ஜூனில் "மாருத்" என்ற ஜெட் சண்டை விமானம் பறந்தது. அதற்குத் திட்டம் போட்டவர் குர்ட் டாங்க். யுத்த காலத்தில் ஹிட்லரின் ஜெர்மனிக்கு விமானம் அமைத்துக் கொடுத்தவர்! காலத்தின் சக்கரம் எப்படிச் சுற்றுகிறது, பாருங்கள்.

1964-ல் அந்தக் கம்பெனி இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஆயிற்று. இன்றும் பெங்களூரில் விமானமும் ஹெலிகாப்டரும் செய்கிறது.

மூன்று கேள்விகள்

பொதட்டூர்பேட்டைச் சிறுவர்களிடம் திரும்புவோம். அவர்கள் அண்ணாந்து பார்க்கும் ஆகாயத்துக்குத் தெற்கே, அரக்கோணத்தில், கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. கடலைக் காவல் காக்கும் பெரிய விமானங்கள் அங்கே இருக்கின்றன. அவை அமெரிக்காவில் செய்தவை. நம் பணத்தில் வாங்கியவை. நம் கரையையே காப்பவை. 1942-ல் ஊரைக் காலி செய்த தாய்மார்களுக்கு இல்லாத பாக்கியம் இது.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் எத்தனையோ தொழிற்சாலைகள் வந்துவிட்டன. பொதட்டூர்பேட்டையிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். தொழிற்சாலை என்றால் என்ன, ஒரு சாமான் செய்ய எத்தனை கை வேண்டும் என்பது இப்போது நமக்குத் தெரியும். நெசவாளிக்கு இது முன்பே தெரியும். பாவு போடாமல் சேலை வராது. சேலையின் படத்தைக் காட்டி யாரும் உடம்பை மறைக்க முடியாது!

எந்த தேசத்திலும் யுத்தம் என்றால் விமானப் படங்கள் வருகின்றன. அன்று பத்திரிகையில் வந்தன. இன்று கையில் உள்ள செல்போனிலேயே வருகின்றன. பார்த்ததும் நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டும். தைரியம் வேண்டியதுதான். ஆனால் அதோடு மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படத்தில் உள்ள விமானம் எத்தனை, உண்மையில் இருப்பது எத்தனை? பணம் கொடுப்பது யார்? ஆபத்து வரும்போது அது யார் தலைக்கு மேல் பறக்கும்?

இங்கிலாந்துப் பெண்ணின் சட்டி விமானம் ஆகாமல் போயிருக்கலாம். ஆனால் அவள் ஊருக்கு விமானம் வந்தது. அவளைக் காத்தது. நம் தாய்மார்கள் அந்த ஏப்ரல் மாதத்தில் சட்டியைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தார்கள். ஆகாயத்தில் இருந்தது அவர்கள் ஊரின் பெயர். அதுவும் வேறு தேசத்து ஆகாயத்தில்!

அடுத்த முறை மேலே விமானச் சத்தம் கேட்டு உங்கள் வீட்டுக் குழந்தை ஓடினால், நீங்களும் கூடப் போய்ப் பாருங்கள். இந்தக் கதையையும் சொல்லுங்கள்.